கிடாரியின் கண்

சென்னை, எழும்பூர்
3-11-1935

அண்ணாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கவரை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். போட்டே தீருவதென்றால் உள்ளே இருக்கும் அட்டைகளை எடுத்துவிட்டுப் போடுங்கள். அவை நான் வேலை செய்யும் கண் டாக்டர் ஐயாவுடையவை.

இரண்டு வருஷம் ஆகிறது. நம் மயிலைக்காளை செத்த அன்று அதைக் குழியில் இறக்குவதற்கு முன் நான் அதன் கண்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். "ஊட்டுப் பக்கம் தல வெச்சுப் படுக்காதடா" என்றீர்கள். நானும் வந்துவிட்டேன். செத்த மாட்டுக்குக் கண் எதற்கு என்று அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். மண் தின்ன விடுவதைவிட ஐயா கையில் கொடுத்தது மேல். அதை ஐஸில் உறைய வைத்துக் குறுக்கே அறுத்துப் படம் எடுத்தோம். கண் உருண்டை என்று நாம் நினைக்கிறோம். இல்லவே இல்லை. ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு வடிவம். ஆந்தையின் கண் குப்பி மாதிரி நீண்டிருக்கிறது. அப்போதுதான் அறுத்த ஆட்டின் கண்ணை எடுத்துப் பின்பக்கத் தோலைச் சீவி ஜன்னலுக்கு நேரே வைத்தால், தெருவில் போகிற ஜட்கா அதற்குள் தலைகீழாக ஓடுகிறது. எந்தப் பிராணியின் கண்ணில் அந்த உருவம் எவ்வளவு துல்லியமாக விழுகிறது என்று படம் பிடித்து ஒப்பிடுவதுதான் ஐயாவின் ஆராய்ச்சி. நான் அவருடைய படக்காரன்.

உயிரோடு இருக்கும் பிராணியிடம் அறுவை ஒன்றும் கிடையாது. இத்துடன் வரும் பலகையைப் பாருங்கள். வெள்ளைப் பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கறுப்பு வட்டங்கள், நடுவில் ஓட்டை. மாட்டை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தி, பலகையை அதன் முகத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியாகப் பாருங்கள். கருவிழி மேல் அந்த வட்டங்கள் தெரியும். அவை எப்படித் தெரிகின்றனவோ அப்படியே அட்டையில் வரையுங்கள், போதும். நாட்டுமாட்டில் வட்டங்கள் படுக்கைவாட்டில் கொஞ்சம் நீண்டிருக்கும். மலைமாடு எப்படி என்று ஐயாவுக்குத் தெரிய வேண்டும். பாதிரியார் பள்ளியில் படம் வரைந்து பரிசு வாங்கியவர் நீங்கள்தானே, நான் இல்லையே.

பாப்பாயி எப்படி இருக்கிறாள்? அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். திட்டு வாங்கித் தராதீர்கள்.

மாணிக்கம்


அரியூர் நாடு
12-12-1935

மாணிக்கத்துக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் உன் அண்ணி மாதம்மாள் சொன்னாள். "மயிலையக் குருடாப் பொதச்ச ஊடு இது. அந்தப் பாவம் எங்க வந்து விடியப் போகுதோ. அவன் கண்ணு எம்புள்ள மேல படவே கூடாது" என்கிறாள். எனக்கும் உன் மேல் இருக்கும் கோபம் ஆறவில்லை. ஆனால் சாமை அறுத்து முடிந்துவிட்டது, கை சும்மா இருக்கிறது. பலகையும் பார்க்க அழகாக இருந்தது.

நம் மாடுகள், செல்லமுத்து வீட்டு ஆடுகள், ஒரு நாய், எல்லாவற்றுக்கும் வரைந்திருக்கிறேன். நாயின் அட்டையில் உள்ள கறை என் ரத்தம். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஊரில் சிரிக்கிறார்கள். "ஏனுங்க மாதேசண்ணா, மாட்டுக்கு மாப்ள பாக்கறீங்களா?" என்கிறான் செல்லமுத்து. கயிற்றைப் பிடித்துக்கொள்ளப் பாப்பாயிதான் கூட இருந்தாள். அவளுக்குப் பதினாறு நடக்கிறது. கடைசியில், "எனக்கும் பாருங்கப்பா, நானும் மாடு மாதிரி ஆடாம நிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். பார்த்தேன். அப்புறம் வேறு வேலை வந்துவிட்டது.

கடைசி அட்டையைத் தனியாகப் பார். அது ஒரு கிடாரி, இன்னும் கன்று ஈனாதது. நம்முடையது இல்லை, வேண்டப்பட்டவர் ஒருவருடையது. அதன் கண்ணில் வட்டம் வட்டமாக இல்லை. உள்வட்டங்கள் ஒன்றோடொன்று நெருங்கி, கீழே இறங்கி, கோழிமுட்டை போலக் கூர்ந்திருக்கின்றன. இரண்டு கண்ணும் அப்படித்தான், வலது கண் அதிகம். போன வருஷம் வரை நன்றாக இருந்தது. இப்போது கல் தெரியாமல் இடறுகிறது. வெயிலில் கண்ணை இடுக்குகிறது. ஒரு நிலா மூன்றாகத் தெரிகிறதாம்.

அந்தக் கிடாரியை வாசலூர்பட்டியில் நல்ல இடத்தில் கேட்டிருக்கிறார்கள். தை பிறந்ததும் பதில் சொல்ல வேண்டும். இது என்ன நோய், தானாகச் சரியாகுமா, மருந்து உண்டா என்று கேட்டு எழுது. உன்னைக் கேட்கவில்லை. உன் ஐயாவைக் கேள்.

மாதேஸ்வரன்


சென்னை, எழும்பூர்
2-1-1936

அண்ணாவுக்கு,

நீங்கள் என்ன அனுப்பினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது! அந்தக் கிடாரி அட்டையைப் பார்த்து ஐயா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். மாட்டில் இதைப் பார்த்ததே இல்லை என்கிறார். கருவிழி நடுவில் மெலிந்து, வண்டிச்சக்கரக் குடம் போல முன்னால் புடைத்துக் கூம்பிவிடுகிறது. உள்ளே விழும் உருவம் கலைந்துபோகிறது. வெளிவட்டங்கள் மாட்டுக்கு இருக்க வேண்டியபடி படுக்கையாக இல்லாமல் உருண்டையாக இருக்கின்றனவே என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மலைச்சாதி மாட்டின் வாகு அப்படி இருக்கலாம் என்றார் ஐயா. குறித்துக்கொண்டார்.

நிலா மூன்றாகத் தெரிகிறது என்று கிடாரி உங்களிடம் வந்து சொல்லிற்றா? ஐயாவிடம் படித்துக் காட்டினேன், வயிறு குலுங்கச் சிரித்தார். உங்களுக்கு வேடிக்கை எழுத வருமென்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

கேட்டதற்குப் பதில்: இது தானாகச் சரியாகாது. வருஷத்துக்கு வருஷம் கூடும். மருந்து கிடையாது. சாதாரண மூக்குக்கண்ணாடிக்கும் இது கட்டுப்படாது, மாட்டுக்கு அதை மாட்டிவிடுவதும் யார்? கன்று ஈன்றால் கன்றுக்கும் வரலாம். ஆகவே உங்கள் வேண்டப்பட்டவரிடம் சொல்லுங்கள், கேட்டு வந்தவர்களிடம் உடனே தள்ளிவிடட்டும். வாங்குகிறவன் சுழி பார்ப்பான், பல் பார்ப்பான், வாலைத் தூக்கிப் பார்ப்பான். வட்டப்பலகை வைத்தா பார்க்கப் போகிறான்? ஒரு வருஷம் தாமதித்தால் அதுவே விழுந்து எழுந்து ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று விசாரித்து வையுங்கள். என்றாவது செத்தால் கண்கள் இரண்டும் எங்களுக்கு வேண்டும். அதற்காக மருந்து ஊற்றிய சீசா ஒன்றைத் தனியாக அனுப்புகிறேன். மூடியை இறுக்கி வையுங்கள், நெடி தாங்காது.

மாணிக்கம்


அரியூர் நாடு
20-3-1936

மாணிக்கத்துக்கு,

சீசா வந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இனிமேல் அந்த மாதிரி எதையும் என் வீட்டுக்கு அனுப்பாதே.

கிடாரியைக் கொடுத்தாயிற்று. நீ சொன்னபடியே யாரும் ஒன்றும் பார்க்கவில்லை.

மாசியில் பாப்பாயிக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வாசலூர்பட்டி அண்ணாமலை. மிளகு, பலா, தண்ணீர் நிற்கிற வயல் எல்லாம் உள்ள வீடு. உனக்குச் சொல்லவில்லை. மாதம்மாள் வேண்டாமென்றாள், நானும் வற்புறுத்தவில்லை. பரியப் பணம் வாங்குகிறபோது ஊர்க்கவுண்டர் முன்னால் பெண்ணைப் பெற்றவன், "குத்தங்குறை இல்லாத பொண்ணத் தாரேன்" என்று கோயில் பக்கம் கையைக் காட்டிச் சொல்ல வேண்டும், உனக்கும் தெரியும். சொன்னேன்.

வருஷத்துக்கு வருஷம் என்று எழுதினாயே, முழுதாகப் போய்விடுமா, அல்லது ஓரளவில் நின்றுவிடுமா? ஐயாவிடம் இன்னொரு முறை கேள்.

மாதேஸ்வரன்


சென்னை, எழும்பூர்
6-4-1936

அண்ணாவுக்கு,

பாப்பாயியின் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. சரி. என் தோளில் உட்கார்ந்து சந்தை பார்த்த பெண். அவள் கழுத்தில் தாலி ஏறினது எனக்கு ஒரு வரிச் செய்தி. அதுவும் கிடாரிக்கு அடுத்த வரியில்! கிடாரியைப் பற்றித்தான் உங்களுக்கு இன்னும் விசாரம். என்ன மனுஷர் நீங்கள் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணிக்குத் தெரியாமலாவது அவளிடம் சேர்த்துவிடுங்கள்.

கேட்டீர்கள், சொல்கிறேன். சிலவற்றில் ஓரளவில் நிற்கும். சிலவற்றில் ஒரு நாள் திடீரென்று கருவிழி உள்ளே கிழிந்து நீர் ஏறி வெளுத்துவிடும். அப்புறம் தழும்புதான்.

இதே நோயில் போன வாரம் சேலத்திலிருந்து நெசவுக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். ஜெர்மனியில் செய்த மெல்லிய கண்ணாடிக் கிண்ணம், புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, அதைக் கண்ணிமைக்குள்ளேயே வைக்கிறார் ஐயா. கூம்பின கருவிழிக்கு மேல் அது வழவழப்பாக உட்கார்ந்துகொள்கிறது. அரைமணி நேரத்தில் அவள் அறுந்த இழையைத் தானே எடுத்து முடிந்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாட்டுக்கு இதையெல்லாம் யார் செய்வது என்றுதான் அப்போது எழுதவில்லை. ஒரு மனுஷிக்கென்றால் தழும்பு விழுவதற்கு முன் தூக்கிக்கொண்டு ஓடி வா என்று தந்தியே அடித்திருப்பேன்.

மாணிக்கம்


அரியூர் நாடு
27-4-1936

மாணிக்கம்,

கிடாரி இல்லை. பாப்பாயி.

இதைப் படித்ததும் என்னைத் திட்டிக் கடிதம் எழுதுவாய். எழுது. ஆனால் முதலில் வழி சொல். மாதம்மாள் காதில் விழுந்தால் மயிலையின் பாவம் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாள், ஊரும் அதையே சொல்லும், யாரும் பெண் எடுக்க மாட்டார்கள் என்று பயந்தேன். உன்னிடம் உள்ளபடி கேட்டால் நீ மலையேறி வந்துவிடுவாய், வந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றும் பயந்தேன். மருந்து இல்லை என்று நீ எழுதியதும், சரி, கண் இருக்கும்போதே ஒரு வீட்டில் சேர்த்துவிடுவோம் என்று துணிந்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே வாசலூர்பட்டிக்குப் போனேன். பாப்பாயி எனக்குக் கஞ்சி ஊற்றினாள். பாதி கலயத்துக்கு வெளியே போயிற்று. "புதுப்பொண்ணுங்க, அப்பனக் கண்ட சந்தோசத்துல கை நடுங்குது" என்று சம்பந்தி பொன்னம்மாள் சிரித்தாள். நல்ல மனுஷி. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்தபோது பாப்பாயியிடம் சொன்னேன், பட்டணம் போனால் சரியாகும், சித்தப்பா எழுதியிருக்கிறார் என்று. அவள் வர மாட்டேன் என்கிறாள். "நான் போனா எதுக்குன்னு கேப்பாங்க. தெரிஞ்சே கட்டிக் குடுத்தீங்கன்னு ஆயிரும். கோயில் முன்னால பொய்யி சொன்னவர்னு உங்களச் சொல்லுவாங்கப்பா. நான் பழகிக்கறேன். எடமெல்லாம் அடி வெச்சே தெரிஞ்சுக்கிட்டேனுங்க" என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று கல்யாணத்துக்கு முன் அவளிடம் வாக்கு வாங்கியவன் நான்தான். இப்போது அதை என் முகத்திலேயே நீட்டுகிறாள்.

என்ன செய்ய?

மாதேஸ்வரன்


சென்னை, எழும்பூர்
4-5-1936

அண்ணா,

உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை. தள்ளிவிடு என்று எழுதிய கை என்னுடையது. அவள் செத்தால் கண்ணை அனுப்பு என்று சீசா அனுப்பியவன் நான். வட்டம் உருண்டையாக இருக்கிறது என்று கண்ணெதிரே தெரிந்தும் மலைமாடு என்று ஒப்புக்கொண்டேன். மூன்று நிலா என்றதும் சிரித்தேன். உலகத்தில் எந்தப் பிராணியின் கண்ணையும் பார்க்கத் தெரிந்த முட்டாள்!

வழி ஒன்றுதான். இன்றே போய் அண்ணாமலையிடமும் அவன் அம்மாவிடமும் உள்ளதைச் சொல்லுங்கள். ஊர் உங்களைப் பொய்யன் என்று சொல்லட்டும். அபராதம் போடட்டும். பேசட்டும். அவளைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குங்கள். நான் அங்கே வண்டியோடு வந்து நிற்கிறேன். நாள் மட்டும் எழுதுங்கள். கிண்ணம் கைவசம் இருக்கிறது, ஐயாவிடம் சொல்லிவிட்டேன். தாமதிக்காதீர்கள் அண்ணா. தழும்பு விழுந்த கண்ணுக்கு மேல் எந்தக் கண்ணாடியை வைத்தும் பயனில்லை.

மாணிக்கம்


அரியூர் நாடு
17-8-1936

மாணிக்கத்துக்கு,

நீ அனுப்பிய இரண்டு தந்தியும் காரவள்ளியிலிருந்து வந்து சேர்ந்தன. பதில் போடவில்லை. விதைப்பு முடியட்டும் என்று இருந்தேன். அது முடிந்தது, திருவிழா கழியட்டும் என்று இருந்தேன். உண்மையில் காரணம் விதைப்பும் இல்லை, திருவிழாவும் இல்லை. ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று, நான் சொன்னது பொய் என்று சொல்ல எனக்குக் கால் வரவில்லை. அவ்வளவுதான்.

ஆடி நடுவில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாளாம். சாயங்காலம் பார்த்தால் கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது. பொன்னம்மாள் பதறிப்போய், பூ விழுந்த கண்ணுக்கென்று யாரோ சொன்ன தழையைக் கசக்கி இரண்டு கண்ணிலும் பிழிந்திருக்கிறாள். மற்றதாவது தப்பட்டும் என்று. தினமும் பிழிந்திருக்கிறாள். பாப்பாயி எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு படுத்திருந்தாள், வாயைத் திறக்கவில்லை. பழைய நோய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாறு பிழிந்திருக்க மாட்டார்கள்.

பிறகுதான் நான் போய்ச் சொன்னேன். ஊர் கூடியபோது எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. அண்ணாமலை மட்டும், "என்ற கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தூக்கிட்டுப் போயிருப்பனே மாமா" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் என்னை அடித்திருக்கலாம்.

பாப்பாயியைச் செல்லமுத்துவோடு அனுப்புகிறேன். நான் வந்தால் அவள் வர மாட்டேன் என்கிறாள், வழியெல்லாம் நான் அழுவேனாம். ஐயாவிடம் என் பெயரைச் சொல்லாதே. அவளைப் பார்க்கச் சொல்.

மாதேஸ்வரன்


சென்னை, எழும்பூர்
9-9-1936

அண்ணா,

பாப்பாயி வந்து சேர்ந்தாள். ரயிலில் இறங்கியதும் என் குரலைக் கேட்டு, "சித்தப்பா, இளைச்சுப் போயிட்டீங்களா, கொரலு அப்படி இருக்குதே" என்றாள்.

ஐயா மூன்று முறை பார்த்தார். பலகையை நான்தான் பிடித்தேன். வலது கண்ணில் எதுவும் விழவில்லை, சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கிறது. தழைச்சாற்றில் வெந்த இடது கண்ணில் ஓரத்தில் ஒரு வளையத்தின் துண்டு தெரிகிறது. வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும் என்றார் ஐயா. கிண்ணத்தை வைத்தும் பார்த்தோம். ஒன்றும் செய்வதற்கில்லை. பிராணிகளுக்கெல்லாம் கண் பார்த்துப் பேர் வாங்கிய அறையில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா வெளியே போய்விட்டார்.

அவள் அழவில்லை. என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அப்பாவுக்கு நல்லாயிருச்சுன்னு எழுதீருங்க சித்தப்பா. அவுரு தாங்க மாட்டாரு." அப்படி எழுத மாட்டேன் என்று மனதில் நினைத்துக்கொண்டு, எழுதுகிறேன் என்று வாயால் சொன்னேன். இதை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என்ன எழுதினீங்க, படிங்க என்கிறாள். கண் தெளிந்துவிட்டது, தெருவில் போகிற வண்டியெல்லாம் எண்ணுகிறாள் என்று இல்லாததை உரக்கப் படித்தேன். திருப்தியாகத் தலையாட்டுகிறாள்.

நமக்குள் இனிப் பொய் வேண்டாம் என்றுதான் உள்ளதை எழுதினேன். ஆனால் நீங்கள் நம்பிவிட்டீர்கள் என்று அவள் நினைக்கட்டும். அதற்குத் தகுந்த மாதிரி ஒரு பதில் எழுதுங்கள். படித்துக் காட்டுகிறேன்.

மாணிக்கம்


அரியூர் நாடு
21-9-1936

பாப்பாயிக்கு,

கண் நல்லாயிருச்சு என்று சித்தப்பா எழுதியது கிடைத்தது கண்ணு. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே சிரிப்பு. சித்தப்பா மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அவனுக்கும் சேர்த்து ராகி இடித்துவைத்திருக்கிறாள். இங்கே மழை நன்றாகப் பெய்தது. சாமை இடுப்பளவு நிற்கிறது. வண்டிகளை எண்ணிக்கொண்டு வெயிலில் நிற்காதே. ஐயா சொல்கிற வரை அங்கேயே இரு. அறுவடை முடிந்ததும் நான் வந்து கூட்டிவருகிறேன். எனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை சாமி.

மாணிக்கம், இந்த இடத்துக்கு மேல் அவளுக்குப் படிக்காதே.

மாதம்மாள் சிரிக்கவில்லை. நீ இதுவரை எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் அவளுக்குப் படித்தேன். மயிலையின் பாவம் என்பாள் என்று காத்திருந்தேன். அதைச் சொல்லவே இல்லை. "கிடாரின்னு எழுதுனது ஆரு?" என்று மட்டும் கேட்டாள். நான்தான் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறாள்.

அண்ணாமலைக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? பாப்பாயியிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

முதல் பாகத்தை அவளுக்குப் படிக்கும்போது ஒரே மூச்சாகப் படி. முடிவில் என் பெயரையும் சேர்த்துக் குரல் மாறாமல் படித்துவிடு. நடுவில் எங்கேயும் நிறுத்தாதே. நிறுத்தினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

மாதேஸ்வரன்